நாற்பத்தேழாம் இலக்கம்

வெள்ளவத்தை,
02.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மிதுஷன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. நலமில்லை, ஆகவே அதை விட்டுவிடுகிறேன். அங்கே நீ, அத்தான், மாமி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வட்ஸ்அப்பில் சொல்லாமல் எதற்கு இவ்வளவு நீளமான மெயில் என்று கேட்பாய். நீ போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மரக்கறி வெட்டுவாய். பக்கத்தில் மாமி இருப்பார். குரல் பதிவு அனுப்பினால் பத்து நிமிடத்தில் அது குடும்பக் குழுவில் நிற்கும். போன மாதம் அப்பாவின் சளிப் பரிசோதனை முடிவை உனக்கு மட்டும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அன்று பின்னேரமே லண்டனிலிருந்து பெரியம்மா தூதுவளைக் கஷாயம் வைக்கிற முறையை எனக்கு வாசித்துக் காட்டினார். ஆகவே தயவுசெய்து இதைத் தனியே இருந்து வாசி. வாசித்த பிறகும் தனியே இரு.

முதலில் நீ கேட்ட விஷயம். அத்தானின் ஊர்ச் சங்க மலருக்கு அப்பாவின் சுரங்கக் கதையை இரண்டு பக்கத்தில் உருக்கமாக எழுதித் தரச்சொல்லி மூன்று தடவை ஞாபகப்படுத்திவிட்டாய். எழுதமாட்டேன். எழுதுவதானாலும் எதை எழுதுவது? எங்கள் வீட்டில் அந்தக் கதை மூன்று இருக்கிறது.

தொடக்கம் மட்டும் மூன்றிலும் ஒன்று. கேகாலைக்கு உள்ளே கிரிவெல்கொட, பென்சிலுக்குள் போடும் காரீயம் தோண்டுகிற சுரங்கம், அந்தச் சுரங்கத்தை விட்டால் வேறொன்றும் இல்லாத சின்ன ஊர். அப்பாவுக்கு மேலே இஞ்சின் ரூமில் வேலை. ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூட்டை வின்ச் பூட்டி இயக்குகிறவர். அதுவரை சரி. அம்மாவின் கதையில் பதினொரு பேர் மேலே வந்துகொண்டிருக்கும்போது கம்பிக் கயிறு அறுகிறது, அப்பா பிரேக் தடியை நெஞ்சால் அமர்த்திப் பிடித்து நான்கு மணித்தியாலம் நிற்கிறார். பெரியம்மாவின் கதையில் அறுந்த கயிற்றை அப்பா கையிலே சுற்றிக்கொள்கிறார், இடது கையின் இரண்டு விரல் வளைந்தது அப்படித்தான். நீ பேஸ்புக்கில் எழுதிய கதையில் நான்கு மணித்தியாலம் ஒரு முழு இரவாகி, ஒரு வெள்ளைக்காரத் துரை தன் கோட்டில் இருந்த மெடலைக் கழற்றி அப்பாவுக்குக் குத்துகிறார். அக்கா, அது எண்பத்திரண்டாம் ஆண்டு. சுரங்கம் அரசாங்கத்துடையது. துரை எங்கிருந்து வந்தார்?

நான் லிப்ட் திருத்துகிறவன். ஒன்பது வருடமாக வெள்ளவத்தையில் இருந்து நுகேகொடை வரை பிளாட்டுகளில் கயிற்றையும் பிரேக்கையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரேக் பிடிப்பது உருளையை. உருளை பிடிப்பது கயிற்றை. கயிறுதான் அறுந்துவிட்டதே, பிறகு பிரேக்கைப் பிடித்து யாரைக் காப்பாற்றுவது? பதினொரு பேரும் கூடுமாக ஒரு தொன்னுக்கு மேல் வரும். அதைக் கையில் சுற்றினால் விரல் வளையாது, தோள்மூட்டோடு கை போய்விடும். இதை நான் டெக்னிக்கல் கொலிஜ் இரண்டாம் வருடத்தில் அம்மாவுக்குப் படம் கீறிக் காட்டினேன். இரண்டு நாள் அவர் எனக்குத் தேநீர் தரவில்லை.

எனக்கு இன்னொரு விஷயம் உறுத்துகிறது. இந்தக் கதையை அப்பா வாயால் நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. அம்மா விருந்தாளிகளுக்குச் சொல்லத் தொடங்கினால் அவர் எழுந்து பல்கனிக்குப் போய்ப் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். அடக்கம் என்று சொல்லுவோம். ஒரு நாளில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றப்பட்டு எங்கள் வீட்டில் இரண்டு கற்றாழை அழுகியது.

இனி வீட்டு நிலைமை. லிப்ட் பழுது. ஆம், லிப்ட் திருத்துகிறவன் இருக்கிற பிளாட்டில்தான். நிர்வாகக் குழுவுக்கு வேறு கொம்பனியோடு ஒப்பந்தம், என்னைத் தொட விடமாட்டார்கள். ஐந்தாம் மாடிக்கு அப்பா ஏறமுடியாது, ஆகவே கிளினிக்குக்குக் கதிரையில் இருத்தித் தூக்கிப்போகிற நாள் தவிர இறங்குவதுமில்லை. ஆனால் கதவுத் திறப்புகளைக் கொளுவும் பலகையின் விதி மட்டும் தளரவில்லை. வாசலுக்கு உள்ளே அப்பா அடித்த பலகை ஞாபகம் இருக்கும்தானே. நான்கு ஆணி, நான்கு இலக்கம், அவரவர் திறப்பை வந்தவுடன் அவரவர் ஆணியில் கொளுவ வேண்டும். கொளுவாவிட்டால் வந்ததாகக் கணக்கில்லை, வந்து முன்னால் நின்றாலும். போன கிழமை நான் திறப்பைச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு முகம் கழுவப் போய்விட்டேன். அந்த மனிதர், இரண்டு சொல் சேர்ந்தாற்போல் சொல்லமுடியாமல் இளைக்கிறவர், படியிறங்கி மூன்றாம் மாடி வரை என்னைத் தேடிப் போய்விட்டார். முப்பத்திரண்டு வயதில் எனக்கு ஏச்சு. உன் ஆணியில் இன்றுவரை வேறெதையும் கொளுவ விடுவதில்லை. அம்மா ஒருநாள் தேங்காய்ப்பூப் பிழிகிற துணியைக் காயப்போட்டு அதற்கும் ஏச்சு வாங்கினார்.

அப்பாவின் நெஞ்சு வருத்தம் இதுதான். கசம், காசநோய் என்று சொல்லி ஐந்து மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சளியில் மூன்று தடவையும் ஒன்றுமில்லை. மாத்திரையால் கண் மஞ்சளானதுதான் மிச்சம், நிறுத்திவிட்டார்கள். இப்போது நெஞ்சு நோய்க் கிளினிக்கில் பெரிய டொக்டரம்மா பார்க்கிறார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் மேலே தேசிக்காய், எலுமிச்சை அளவில் ஒரு கட்டி, சுற்றிவரப் பொட்டுப் பொட்டாக. புற்றுநோயாக இருக்கலாம் என்கிறார். முதுகால் ஊசி விட்டுத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும், மார்ச் இருபத்துநான்கு. ஆனால் ஊசி பட்டு நுரையீரல் சுருங்கினால் தாங்குவதற்கு இவரிடம் மூச்சு மிச்சமில்லை என்பதையும் அவரே சொன்னார்.

அப்போது அவர் ஒரு கேள்வி கேட்டார்: ஐயா கல்லுடைக்கிற இடம், சுரங்கம் எதிலாவது வேலை செய்தவரா? அப்பா, இருபத்தெட்டு வருடம் ஹார்ட்வெயார் கடை என்றார். நான் இடையில் புகுந்து, சுரங்கத்தில் இருந்தவர், ஆனால் மேலே இஞ்சின் ரூமில் என்றேன். உள்ளே இறங்கியதில்லையா என்று டொக்டரம்மா கேட்டதுதான் தாமதம், அப்பா இல்லை என்றார். அம்மாவும் இல்லை என்றார். இருவரும் ஒரே நேரத்தில். முப்பத்திரண்டு வருடத்தில் அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பதிலைச் சொல்லி நான் கேட்டதில்லை. கொஞ்சக்காலம் உள்ளே இருந்திருந்தாலும் இந்தப் படத்தை வேறு மாதிரிப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவர் ஊசிக்கு நாள் எழுதினார்.

அப்பாவின் பெட்டி முழுவதையும் கிளறிவிட்டேன். சேவைக் கடிதம் இல்லை, சம்பளத் துண்டு இல்லை. சுரங்கத்தில் இருந்து வந்த ஒரே பொருள் உன்னிடம் இருக்கிறது. மாமி உங்கள் ஹோலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற அந்த மெடல். அதைச் சட்டத்தில் இருந்து கழற்றி, இரண்டு பக்கமும், பக்கத்தில் அளவுக்கு ஒரு அடிமட்டம் வைத்து, படம் எடுத்து அனுப்பு. மலருக்கு என்று மாமிக்குச் சொல். அதை உன் கன்னத்தோடு வைத்துப் படம் எடுக்காதே. எனக்கு அளவு வேண்டும்.

நானும் அதை ராசிக்காகக் காலில் சப்பாத்துக்குள் வைத்துக்கொண்டுதான் ஏ.எல். பரீட்சையில் கணிதம் எழுதினேன், அது வேறு கதை. உடனே அனுப்பு.

இப்படிக்கு,
அன்புத் தம்பி,
மிதுஷன்


வெள்ளவத்தை,
11.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

படம் கிடைத்தது. ஆறு நாள் எடுத்தாய். அடிமட்டமும் தலைகீழ். பரவாயில்லை.

பித்தளை வில்லை, முப்பத்தெட்டு மில்லிமீற்றர். மேலே கொளுக்கியில் மாட்ட ஒரு துளை. முன்பக்கம் 47. பின்பக்கம் 'பி' என்ற எழுத்தும் 3 என்ற இலக்கமும். பெயரில்லை, திகதியில்லை, பாராட்டு ஒரு சொல் இல்லை. நாங்கள் இருவரும் இதைப் பரீட்சைக்கெல்லாம் கொண்டுபோனோம். ஒருவருக்காவது இதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

உன் கலியாணத்துக்கு ஒரு சுவர்மணிக்கூட்டோடு வந்து, சாப்பிடாமல் அப்பாவின் பக்கத்திலேயே நின்றுவிட்டுப் போன முஸ்லிம் மனிதர் ஒருவர் ஞாபகம் இருக்கிறதா? பௌஸி நானா. அப்பாவின் பழைய டெலிபோன் கொப்பியில் 'கிரிவெல்கொட' என்று அடைப்புக்குறி போட்ட ஒரே பெயர் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மகள் ஷிம்னாவின் வீட்டில் இருக்கிறார், எழுபத்தைந்து வயது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். போனில் படத்தைக் காட்டி, அப்பாவுக்குச் சுரங்கத்தில் கொடுத்த மெடல் இது, எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். மனிதர் முதலில் சிரித்தார்.

"மெடலா? மகன், அது என்ட பலகேல தொங்கின சாமான். கீழ எறங்குற ஆளுக்கு மட்டுந்தான் அது. மேல வேல செய்றவனுக்கு என்னத்துக்கு?"

அவர் அங்கே விளக்கறையில் கணக்கெழுதுகிற கிளாக்காக இருந்தவர். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவனும் விளக்கு வாங்கும்போது பலகையில் இருந்து தன் இலக்க வில்லையைக் கழற்றிக்கொண்டு போவான். மேலே வந்ததும் திரும்பக் கொளுவுவான். ஷிப்ட் முடிய பலகையைப் பார்த்தால் போதும், எந்தக் கொளுக்கி வெறுமையாக இருக்கிறதோ அந்த ஆள் இன்னும் கீழே. 'பி' என்பது இரண்டாம் கிணறு, 3 என்பது நிலத்துக்குக் கீழே மூன்றாம் தட்டு. அப்பா நாகேந்திரம், இலக்கம் நாற்பத்தேழு, பன்னிரண்டு வருடம் மூன்றாம் தட்டில் துளை மெசின் பிடித்தவர். விரல் வளைந்தது அந்த மெசின் அதிர்ந்து. இஞ்சின் ரூம் பக்கமே அவர் போனதில்லையாம்.

அப்படியென்றால் வில்லை ஏன் அப்பாவிடம் இருக்கிறது என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. மகளை உள்ளே போகச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் ஒன்றும் கூட்டவில்லை.

அப்பா ஊருக்கு எழுதிய கடிதங்களில் தான் அரசாங்கக் கூட்டுத்தாபனத்தில் கிளாக் என்று எழுதி வந்திருக்கிறார். பதினேழு வயதில் சோதனை பெயிலாகி வீட்டை விட்டுப் போனவர், வேறென்ன எழுதுவார். எண்பத்திரண்டு ஒக்ரோபரில், கலியாணம் பேசுவதற்கு ஒரு படம் அனுப்பச் சொல்லி ஊரில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. சந்தியில் இருந்த ஸ்டூடியோ ஐந்து மணிக்குப் பூட்டும். ஷிப்ட் முடிவதும் ஐந்துக்கு. அப்பா அரைமணித்தியாலம் முந்தி, யாருக்கும் சொல்லாமல், பழைய ஏணிக் கிணற்றால் ஏறிவிட்டார். அந்த வழியால் ஏறினால் விளக்கறையைத் தாண்டத் தேவையில்லை. குழாயடியில் குளித்து, வெள்ளைச் சேட் மாற்றி, வில்லையை அதன் பையில் போட்டுக்கொண்டு படம் எடுக்கப் போய்விட்டார்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முந்தி மூன்றாம் தட்டில் கூரை இடிந்தது. எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். பலகையில் எல்லா வில்லையும் இருக்கிறது, நாற்பத்தேழு மட்டும் இல்லை. பௌஸி நானாதான் இலக்கத்தை உரக்கச் சொன்னவர். அப்பாவோடு ஒரே மெசினில் நின்றவர் பியதாச என்ற ஆள், இலக்கம் நாற்பத்தாறு. அவன் பலகையில் கொளுவின வில்லையைத் திரும்பக் கழற்றிக்கொண்டு இறங்கினான். கூட இன்னும் ஒருவன். இரண்டாவது தடவையும் இடிந்தது. கூடப் போனவன் வந்தான். பியதாச வரவில்லை.

அப்பா வெள்ளைச் சேட்டோடு திரும்பி வந்து சனத்தோடு சனமாக நின்று, யார் உள்ளே அகப்பட்டது என்று பக்கத்தில் நின்றவனைக் கேட்டிருக்கிறார். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, நீதான் என்றானாம்.

மறுநாளே ஊரை விட்டுப் போய்விட்டார். சம்பளம் எடுக்கக்கூட வரவில்லை. வில்லையும் கூடவே போய்விட்டது.

அம்மாவின் அலுமாரிக்கு மேலே இருக்கிற வெள்ளைச் சேட் படத்தைப் போய்ப் பார்த்தேன். நாங்கள் சின்னனில் விரல் வைத்துத் தொட்டுக் காட்டுவோமே, பையில் வட்டமாகத் தெரிவது மெடல் என்று. அது இந்த வில்லையேதான்.

பௌஸி நானா பிரயோசனமான ஒரு விஷயமும் சொன்னார். கீழே இறங்குகிற ஆட்களை ஒவ்வொரு ஜனவரியும் எக்ஸ்ரே எடுப்பார்களாம். படங்கள் இலக்க வாரியாகச் சுரங்கத்தின் பழைய மருந்தறை அலுமாரியில் இன்னும் இருக்கின்றன. அவருக்குத் தெரிந்த பழைய தொழிலாளி ஒருவர் போன வருடம் தன்னுடையதை எடுத்திருக்கிறார். தொழிலாளி தன் இலக்கத்தை எழுதிக் கையெழுத்து வைத்த கடிதம் இருந்தால் கொடுப்பார்கள். டொக்டரம்மாவுக்கு போன் எடுத்துக் கேட்டேன். எண்பத்திரண்டாம் ஆண்டுப் படத்தில் இந்தக் கட்டியின் தொடக்கம் இதே இடத்தில் இருந்தால், இது சுரங்கத் தூசியின் தழும்பு, ஊசி தேவையில்லை என்றார். இல்லாவிட்டால் இருபத்துநான்காம் திகதி ஊசிதான்.

கடிதத்தை நான் ரைப் பண்ணி அச்சடித்து நேற்றுக் காலை அப்பாவுக்கு முன்னால் வைத்தேன். இலக்கத்துக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தேன். மெதுவாகத்தான் கதைத்தேன் என்று எனக்கு நினைப்பு, கத்தினேன் என்று அம்மா சொல்கிறார். தான் கீழே இறங்கின ஆள் இல்லை என்றார் அப்பா. பௌஸி நானாவைக் கண்டேன் என்று சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்:

"மயூரியின்ர வீட்டுச் சுவரில அது தொங்குது. சம்பந்தி வாறவைக்கெல்லாம் காட்டுறா. அதை இறக்கு எண்டு நான் அவளுக்குச் சொல்லேலாது."

அக்கா, இதற்கு நான் என்ன செய்ய? சுவரில் தொங்குகிற ஒரு பித்தளைத் துண்டுக்காக முதுகில் ஊசி வாங்கப் போகிறாராம். நான் களவாய்க் கையெழுத்து வைத்துக் கொடுத்திருப்பேன். ஆனால் டொக்டரம்மா அவரிடம்தான் கேட்பார், அவர் இல்லையென்றுதான் சொல்லுவார்.

அம்மாவிடம் போனேன். அவர் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். தெரியும் என்றார். முதலே தெரியும். கலியாணம் பேசிய காலத்தில், மாப்பிள்ளை சுரங்கத்துக்குள் மண் தோண்டினவன் என்று யாரோ சொல்ல, அம்மாவின் தமையன் பேச்சை முறிக்க வெளிக்கிட்டிருக்கிறார். அம்மாவுக்கு அந்த வெள்ளைச் சேட் படத்தைப் பிடித்துவிட்டது. இஞ்சின் ரூம், கயிறு, பிரேக், மெடல் எல்லாம் அன்று பின்னேரம் அவர் கட்டினது. அதென்ன பதினொரு பேர் என்று கேட்டேன்.

"பத்து எண்டால் பொய் மாதிரி இருக்கும். அதால பதினொண்டு எண்டனான்."

நாற்பது வருடம் எங்களுக்குச் சோறு போட்ட கை அது. நான் ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பியதாசவைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாது. தன்னைத் தேடி இறங்கினவன் ஒருத்தன் மேலே வராமல் போன கதையை, தான் பதினொரு பேரைக் காப்பாற்றின கதையாக அப்பா நாற்பது வருடம் பல்கனியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை நான் எப்படி அம்மாவுக்குச் சொல்வது? உனக்கு முடிந்தால் நீ சொல்லு. எனக்கு முடியாது.

ஆகவே நீ செய்ய வேண்டியது. அப்பாவுக்கு போன் எடு. ஸ்பீக்கர் இல்லாமல், மாமி இல்லாமல், காருக்குள் இருந்து எடு. உனக்குத் தெரியும் என்று சொல். வில்லையைச் சுவரில் இருந்து நீயே இறக்கிவிட்டாய் என்று சொல். சொல்வதற்கு முந்தி உண்மையிலேயே இறக்கு, அவர் கேட்பார். மாமிக்கு என்ன சொல்வாய் என்பது உன் கெட்டித்தனம். ஆறுதல் சொல்லாதே, உன் ஆறுதல் ஒரு மணித்தியாலம் ஓடும், அவருக்குக் கேட்க மூச்சில்லை. அழாதே. அழுதால் அவர் உன்னைத் தேற்றத் தொடங்கி விஷயத்தை விட்டுவிடுவார்.

நான் சொல்லி அவர் கேட்கமாட்டார். சின்னனில் இருந்தே நீ சொல்லித்தான் எதையும் கேட்டவர். அதில் எனக்கு ஒரு காலம் எரிச்சல் இருந்தது. இப்போது அதை நம்பித்தான் இருக்கிறேன். பதின்மூன்று நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் தம்பி,
மிதுஷன்


வெள்ளவத்தை,
20.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அப்பாவோடு என்ன கதைத்தாய் என்று எனக்குத் தெரியாது. நாற்பது நிமிடம் கதைத்தாய் என்பது தெரியும். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓம், ஓம் என்றதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அழாதே என்று எழுதியிருந்தேன். அழுதிருக்கிறாய். எப்படித் தெரியும் என்றால், போனை வைத்துவிட்டு அப்பா என்னிடம், அவளுக்கு மூக்கடைச்சுத் தடிமன் போல கிடக்குது, கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லு என்றார்.

பிறகு கடிதத்தைக் கேட்டார். கையெழுத்து வைத்தார். இலக்கத்துக்கு விட்ட இடத்தில் என்னிடம் ஒன்றும் கேட்காமல் 47 என்று எழுதினார். ஏழின் நடுவே ஒரு கோடு. வில்லையில் இருக்கிறதே, அதே மாதிரி.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக் கிரிவெல்கொட போய் வந்தேன். மூன்று பஸ், கடைசியில் ஒரு முச்சக்கரவண்டி. மருந்தறை அலுமாரிச் சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போய் இரண்டரை மணித்தியாலம். எரிச்சலைப் பற்றி எழுதினால் இந்த மெயில் முடியாது. 47 என்று எழுதிய உறைக்குள் மூன்று படம் மிஞ்சியிருந்தது, கடைசி எண்பத்திரண்டு ஜனவரி. இன்று காலை டொக்டரம்மா பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அதே இடம். அப்போது கடலைப் பருப்பு அளவு. சுற்றிவர அதே பொட்டுகள். நாற்பத்துமூன்று வருடமாக மெல்ல மெல்ல வளர்ந்த தழும்பு, புற்றுநோய் இல்லை என்றார். ஊசிக்கு எழுதிய திகதியை வெட்டிவிட்டார்.

எத்தனை வருடம் கீழே என்று அவர் அப்பாவிடம் நேரே கேட்டார். அப்பா சிங்களத்தில், அந்த அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி, பன்னிரண்டு வருடம், மூன்றாம் தட்டு, துளை மெசின் என்றார். அவ்வளவு மூச்சு எங்கே வைத்திருந்தார் தெரியவில்லை. டொக்டரம்மா எழுதிக்கொண்டார்.

நீ உடனே துள்ளாதே. போன நுரையீரல் திரும்பி வராது. ஒட்சிசன் மெசின் ஒன்று வீட்டுக்கு எடுக்கவேண்டும், எந்த மெசின் என்று நான் பார்த்துக்கொள்கிறேன், அங்கிருந்து எதையும் வாங்கி அனுப்பாதே. நீ அனுப்புகிற எதற்கும் இங்கே பிளக் பொருந்துவதில்லை.

சுரங்கத்தில் இப்போது எல்லோருக்கும் பிளாஸ்டிக் கார்ட். பழைய பலகை களஞ்சியச் சுவரில் சாய்த்து வைத்தபடி இருக்கிறது. அலுமாரிக்காரர் வரும்வரை எனக்கு வேறு வேலை இருக்கவில்லை, தூசியைத் துடைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாக் கொளுக்கியிலும் பித்தளை வில்லை தொங்குகிறது. வரிசையாக இரண்டு வெறுமை. அந்தப் பலகையின்படி இரண்டு பேர் இன்னும் கீழேதான் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து நாற்பத்தேழாம் கொளுக்கி அப்படியே இருக்கிறது என்று அப்பாவுக்குச் சொன்னேன். அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "நாப்பத்தாறு?" என்றார். அதுவும் வெறுமை என்றேன். அம்மா சமையலறையில் இருந்து, அதென்ன நாற்பத்தாறு என்று கேட்டுக்கொண்டு வந்தார். அப்பா சொன்னார். எல்லாவற்றையும் அவரே சொன்னார், நடுவில் நிறுத்தி நிறுத்தி, கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். அம்மா பக்கத்தில் இருந்து கேட்டார். பிறகு எழுந்து போய்ப் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். நேற்று ஜீவராணி அன்ரி வருத்தம் பார்க்க வந்து, சுரங்கத்தில் பதினொரு பேரை என்று தொடங்கினார். அம்மா அவருக்கு உழுந்து விலை சொல்லிக் கதையை மாற்றிவிட்டார்.

சங்க மலருக்குக் கட்டுரை இல்லை என்று அத்தானிடம் சொல்லிவிடு. என் பெயரைச் சொல், நான் மரியாதை தெரியாதவன் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆடி மாதம் நீ வரும்போது வில்லையைக் கொண்டுவா. அதைத் தானே போய்க் கொளுவவேண்டும் என்கிறார் அப்பா. மூன்று பஸ் ஏறமாட்டார், வான் பிடிக்கவேண்டும், மெசினும் ஏற்றவேண்டும். பௌஸி நானா தானும் வருவதாகச் சொல்கிறார், அன்று இலக்கத்தைக் கூப்பிட்டவர் தானாம், ஆகவே திரும்பக் கொளுவும்போதும் தான் நிற்கவேண்டுமாம். பியதாசவுக்கு ஒரு தங்கை அங்கே இருக்கிறார் என்றும் சொன்னார். அங்கே என்ன நடக்கும், யார் என்ன சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ இல்லாமல் நான் தனியே அவரைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன். சொல்லிவிட்டேன்.

வில்லையைக் கைப்பையில் வை. பெட்டிக்குள் போடாதே, பெட்டி தவறினால் இந்த வீட்டில் யாரும் தாங்கமாட்டார்கள். உன் பழைய வீட்டுத் திறப்பும் அங்கேதான் எங்காவது கிடக்கும், தேடி எடு. பூட்டு மாற்றியாயிற்று, அது இப்போது திறக்காது. இருந்தாலும் கொண்டுவா. உள்ளே வந்ததும் யாரையும் கட்டிப்பிடிக்க முதல் அதை உன் ஆணியில் கொளுவு. அப்பா தன் கதிரையைப் பலகைக்கு நேரே திருப்பிப் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

எல்லோருக்கும் என் அன்பு. கெதியாக வா.

இப்படிக்கு,
தம்பி,
மிதுஷன்